அம்பு இரண்டான கதை

அந்தக் காலத்தில் புரோகிராமுக்குள் ஆளுக்கொரு வேலை செய்கிற ஃபங்ஷன்கள் வாய் திறந்து பேசும். ஆனால் வாழ்ந்தது கேவலமாக. ஒன்றுக்குள் ஒன்றாக, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நசுங்கிக் கிடந்தன. கடைசியில் நடக்கிற வேலைதான் படிக்கிறவர் கண்ணில் முதலில் படும். யாருக்கும் ஒரு மண்ணும் புரியாது.

ஒரு நாள் அம்பு என்ற மேக்ரோ வந்தது. மேக்ரோ என்றால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே வந்து, எழுதியதை மாற்றி அடுக்கிவிட்டுப் போய்விடுகிற ஆள்.

"எல்லாரும் வெளியே வாங்க. வேலை நடக்கிற வரிசையில நில்லுங்க. ஒருத்தர் கொடுக்கிறது அடுத்தவர்கிட்ட போய்ச் சேர்ற மாதிரி நான் எழுதி வெச்சிடறேன்" என்றது.

எல்லாம் ஓடிவந்தன. வகு என்ற ஃபங்ஷன் மட்டும் அசையவில்லை. அதற்கு இரண்டு இருக்கை. முதல் இருக்கையில் இருப்பதை இரண்டாவதில் இருப்பதால் வகுக்கும். இரண்டாவதில் பூஜ்யம் உட்கார்ந்தால் அங்கேயே செத்துப்போகும்.

"வர்றவனை எங்கே உட்கார வைப்பே?" என்று வகு கேட்டது.

"கடைசி இருக்கையிலதான்" என்று முந்திக்கொண்டது வடிகட்டு. அதன் முதல் இருக்கையில் சல்லடை இருக்கும். சலிக்க வேண்டிய கூட்டம் கடைசியில்தான் வர வேண்டும்.

"உனக்குச் சரி. எனக்குக் கடைசியில பூஜ்யம் வந்தா, பாடை கட்ட நீ வருவியா?"

"ஆளைப் பார்த்து மாத்தி உட்கார வைக்கிறேன் அக்கா" என்றது அம்பு.

"கிழிச்சே! நீ வர்றப்போ புரோகிராம் ஓடியே இருக்காது. பூஜ்யம் பொறந்தே இருக்க மாட்டான். யாரைப் பார்ப்பே?"

வடிகட்டு சிரித்தது. "ஒருத்திக்காக வரிசையைக் கெடுக்காதே. அவ உள்ளேயே கிடக்கட்டும்."

"யாரையும் உள்ளே விட்டுட்டுப் போக நான் வரலை."

சொன்ன வேகத்தில் அம்பு தன்னை நடுவில் ஒடித்துக்கொண்டது. ஒரு துண்டில் ஒரு தலை முளைத்தது, மற்றதில் இரண்டு. இரட்டைத் தலை வடிகட்டுவின் பக்கம் போனது. ஒற்றைத் தலை வகுவிடம் வந்தது.

"நான் எப்பவும் முதல் இருக்கைதான். யார் கெஞ்சினாலும் மாத்த மாட்டேன். வா."

வகு வெளியே வந்து, கழி என்ற ஃபங்ஷனுக்குப் பின்னால் நின்றது.

புரோகிராம் ஓடியது. ஐந்து வந்தது. கழி அதிலிருந்து ஐந்தை எடுத்தது. பூஜ்யம் பிறந்து நேராக வகுவிடம் வந்தது. வகு கண்ணை இறுக மூடிக்கொண்டது. பூஜ்யம் முதல் இருக்கையில் உட்கார்ந்தது, இரண்டாவதில் ஏற்கெனவே எழுதி வைத்த நான்கு. பூஜ்யத்தை நான்கால் வகுத்தால் பூஜ்யம். அவ்வளவுதான்.

வகு கண்ணைத் திறந்தது. "அடுத்தவனை அனுப்புடா" என்றது.

அன்று தொடங்கித்தான் வருகிறவரை ஒற்றைத் தலை அம்பு முதல் இடத்திலும், இரட்டைத் தலை அம்பு கடைசி இடத்திலும் கொண்டுபோய் வைக்கின்றன. எந்த அம்பைக் கூப்பிடுவது என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.