கல்யாண வேட்டி

காவிக்கல்லை உரசிக் கரைத்த நிறம் கோகிலவாணியின் நகக்கண்களில் ஏறியிருந்தது. இரண்டு தரம் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மடியில் மடித்து வைத்திருந்த வேட்டியை அந்த விரல்களாலேயே நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துண்டை விரித்துப் படுக்கவைத்த பையன் தூங்கினான்.

கரட்டடி மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமானவன் துறவு கேட்டு வந்தால், அவன் தாலி கட்டியபோது உடுத்தியிருந்த வேட்டியை அவன் மனைவி தன் கையால் காவியில் நனைக்க வேண்டும். தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். அவள் கொடுக்காமல் சாமி யாருக்கும் தீட்சை தந்ததில்லை.

நேற்றுக் கிணற்றடியில் அவள் வேட்டியை நனைத்தபோது, மடத்துச் சமையலைப் பார்க்கும் நாச்சம்மாள் விறகோடு அந்தப் பக்கம் வந்தாள். சாமி சாமியாவதற்கு முன்பு அவருக்கு மனைவியாக இருந்தவள். இப்போது எல்லோருக்கும் அம்மா. சாமியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"நிறம் போதுமாங்கம்மா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எனக்கு இதுல பதம் தெரியாது கண்ணு. நான் நனைச்சதே இல்ல" என்றுவிட்டு நாச்சம்மாள் நிற்காமல் போய்விட்டாள்.

இப்போது காலை வெயில் படியேறி மடத்துக் கூடம் வரைக்கும் வந்திருந்தது. அவள் கணவன் சென்னியப்பன் சாமிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவன். இரண்டு வருஷமாக அமாவாசை தவறாமல் மடத்துக்கு வருகிறவன். போன மாதம், "நான் காவி கட்டிக்கறேன்" என்று அவளிடம் சொன்னான். அவளுக்கு வாய் வரவில்லை. சரியென்றுவிட்டாள் என்று மடத்தில் வந்து சொல்லிவிட்டான்.

"சாமி, துணி வாங்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. பொண்டாட்டிய வச்சுக்கிட்டுக் கேக்கலாமான்னுதான் தெரியல."

"அவள வச்சுக்கிட்டுக் கேக்க முடியாதத எங்கிட்டக் கேக்காத."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

"சோறு, தண்ணி, தூக்கம். மூணும் இல்லாட்டி உடம்பு நிக்காது. ஆம்பளையும் பொம்பளையும் சேர்றதும் அந்த மாதிரி ஒரு தேவைதானுங்களா?"

கோகிலவாணிக்குக் காது மடல் சுட்டது. குனிந்து வேட்டியின் கரையைப் பார்த்தாள்.

"நீ என்ன நினைக்கற?"

"இல்லைன்னு நினைக்கறனுங்க. சோறில்லாமச் செத்தவன் இருக்கான். இது இல்லாமச் செத்தவன் யாரு? நீங்களே இருபத்தாறு வருஷமா நல்லாத்தான இருக்கறீங்க."

"சாகல. அது வாஸ்தவம்."

சாமி சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவளும் சாகல" என்றார்.

சாமி மறுபடியும் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்து உனக்கு இந்தச் சந்தேகம்?"

"ஒரு ஏழு மாசமாத்தானுங்க."

"பையனுக்கு என்ன வயசு?"

சென்னியப்பன் தாடியைச் சொறிந்தான். "ஏழு மாசங்க."

"நல்ல கேள்விதான் கொண்டாந்திருக்கற. தேவைதான்னு நான் சொன்னா, அதக் குடுக்காதவ உனக்குத் தப்புப் பண்ணினவ. தேவையில்லன்னு சொன்னா, நீ உட்டுட்டுப் போறதுல தப்பில்ல. எப்படி உருட்டினாலும் தாயம் உனக்கே உழுகுது."

"தாயத்துக்கு இல்லைங்க சாமி. அவதான் பாயத் தள்ளிப் போட்டுக்கிட்டா. மேல கை பட்டா, பல்லி உழுந்த மாதிரி உதறுனா. நான் யாரையும் கட்டாயப்படுத்தற ஆளு இல்லைங்க. அந்த ஆசையே வேண்டாம்னு உட்டுட்டேன்."

"உட்டுட்டயா, கோவிச்சுக்கிட்டயா?"

அந்த நேரம் பார்த்துப் பையன் விழித்துக்கொண்டு அழுதான். கோகிலவாணி பதறிக் கை நீட்டினாள். சாமி இரு என்று கையமர்த்தினார்.

"பால் குடுத்தயா தாயி?"

"இப்பத்தானுங்க குடுத்தேன்."

"ஈரமா?"

தொட்டுப் பார்த்தாள். "இல்லைங்க."

"தூங்கியும் எந்திரிச்சாச்சு." சாமி சென்னியப்பனிடம் திரும்பினார். "உன் கணக்குல மூணும் ஆச்சு. இன்னும் என்னத்துக்கப்பா அழுவறான்?"

"தூக்கச் சொல்லித்தானுங்க."

"தூக்காட்டிச் செத்துருவானா?"

சென்னியப்பன் பையனையே பார்த்தான். பையன் வீறிட்டான். மூச்சை அடக்கி, முகம் சிவந்து, மறுபடியும் வீறிட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கோகிலவாணி பாய்ந்து எடுத்திருப்பாள். அதற்குள் அவனே எட்டித் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். பிள்ளை அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்து இரண்டு தரம் விம்மி அடங்கியது. இந்தத் தோளில் அது சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசித்தாள். நினைவு வரவில்லை.

"நீ சொல்லு தாயி" என்றார் சாமி. "பாய எதுக்குத் தள்ளிப் போட்ட?"

பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதது. ஆஸ்பத்திரி நர்சம்மா கேட்டபோதும், "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து வந்துவிட்டாள்.

"பிரசவத்துல போட்ட தையல் பிரிஞ்சு போச்சுங்க சாமி. உக்காந்தா எந்திரிக்க முடியாது. ராத்திரியானாப் பயம். அப்படியே போயிருவேன், பையன் அனாதையாயிருவான்னு பயம். கொஞ்ச நாள் பொறுங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?" சென்னியப்பனின் குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க கேக்கலையே மாமா. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டீங்க. அஞ்சாம் மாசம் உப்ப உட்டீங்க. ஆறாம் மாசம் தாடி வச்சீங்க. ஊரே கையெடுத்துக் கும்புடுது, நான் என்னத்தச் சொல்றது?"

ஆரம்பித்த பேச்சு அவளை மீறி வந்துகொண்டிருந்தது.

"தேவையா இல்லையான்னு உங்க ஒருத்தர வச்சே கேக்கறீங்க. கிட்ட வந்து, ஒண்ணும் பண்ணாம, சும்மா படுத்திருந்தாப் போதும்னு எனக்கு இருந்துச்சு. அப்பறம் காயம் ஆறுன பொறகு, மத்ததும் வேணும்னுதான் இருந்துச்சு. அப்ப நீங்க வாசத் திண்ணையில போய்ப் படுத்துக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி மெதுவாகக் கேட்டார். "சென்னியப்பா, துணி வாங்கிக்கறயா?"

அவன் இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்தது. ஒரு கையை எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"ஏழு மாசத்தப் பாழாக்கிப்போட்டேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"ஏழு மாசந்தான" என்றார் சாமி.

கோகிலவாணி வேட்டியை மடியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். வெள்ளை இனித் திரும்பாது. பையனுக்குத் தூளி கட்ட ஆகும். எழுந்து சாமியைக் கும்பிட்டாள். கும்பிட்டவள் நகராமல் நின்றாள்.

"இன்னும் என்ன தாயி?"

"தப்பாக் கேட்டாப் பொறுத்துக்கோணும் சாமி. நாச்சம்மா துணிய நனைச்சதே இல்லைன்னாங்க. அப்ப உங்களுக்கு யாருங்க எடுத்துக் குடுத்தாங்க?"

சமையல்கட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

சாமி தன் மடியில் கிடந்த காவியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கல்யாண வேட்டி கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவ தண்ணிக்குப் போயிருந்தா. நானே எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரு வருஷம் கழிச்சுத் தேடிக்கிட்டு இங்க வந்தா. வேட்டி எங்கீங்கன்னு மட்டுந்தான் கேட்டா. இன்னும் நான் பதில் சொல்லல."