டிஸ்க் இல்லாமலே எழுதிய டிரைவர்

கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே டிரைவர் எழுத மூன்று பேர். மூளை ஒன்றுதான், அதையும் முறைவைத்துத்தான் கொண்டுவருவார்கள். டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில், கெர்னல் என்கிற மையப் பகுதிக்குள் உட்கார்ந்துகொண்டு, தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கிடம் எழுது, படி என்று வேலை வாங்குகிற புரோகிராம்.

அந்த மூவரில் தலைவர் திருமேனி. பாவம், மனுஷருக்கு ஒரே பயம்தான். இந்த வேலை போனால் மாமனாரின் பம்புசெட் கடையில் போய் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்து டிரைவரை ஒப்புக்கொண்டால் பிழைத்தார். இல்லாவிட்டால் கடைதான்.

அந்த வாரம் பார்த்து மேனேஜர் கமலவேணி மேடம் மூவரையும் கூப்பிட்டுத் திட்டினார். கோளாறு வந்தால் திருமேனி எழுதிய பகுதி 'மைனஸ் ஒன்று' என்று ஏதோ எண்ணைச் சொல்கிறதாம், பூங்கோதை எழுதியது வாயே திறப்பதில்லையாம், எபினேசர் எழுதியது மெஷினையே அணைத்துவிடுகிறதாம்.

"என்ன ஆனாலும் ஒரே மாதிரி பதில் வரணும்," என்றார் மேடம்.

மூவரும் கேன்டீனில் பஜ்ஜி ஆறிப்போகும்வரை யோசித்தார்கள்.

"என்ன ஆனாலும்னா, ஒழுங்கா எழுதி முடிச்சாலும் அதுல சேர்த்திதானுங்களே?" என்றாள் பூங்கோதை.

"ஆமா. அப்ப ரெண்டு பதில் இருக்கவே கூடாது," என்றார் திருமேனி.

"எப்பவும் கோளாறுன்னே சொன்னா கஸ்டமர் கோவிச்சுக்குவாருங்க," என்றான் எபினேசர்.

ஆகவே எல்லாவற்றுக்கும் 'சரி' என்று முடிவாயிற்று.

சோதித்துப் பார்த்தார்கள். டிஸ்க் நிரம்பி வழிந்தபோதும் டிரைவர் 'சரி' என்றது. எபினேசர் விடாமல் டிஸ்க்கையே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுதச் சொன்னான். அதற்கும் 'சரி'. திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. டிஸ்க்கே தேவைப்படாத டிரைவரை உலகத்தில் யார் எழுதியிருக்கிறார்கள்! அன்றிலிருந்து டிஸ்க்கின்மேல் அவருடைய டீ கிளாஸ் உட்கார்ந்தது.

இவ்வளவு நல்ல டிரைவரைப் பத்திரப்படுத்த வேண்டாமா? அதன் மூலப் புரோகிராமை அதைக்கொண்டே எழுதி வைத்தார்கள். 'சரி' என்றது. ஜாக்கிரதைக்கு இன்னொரு பிரதியும் எழுதினார்கள். பிறகு, தலைக்கொரு பதில் சொல்லும் பழைய பிரதிகளை எல்லாம் துடைத்து அழித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்தார். எழுதி வைத்த புரோகிராமைத் திறக்கப் போனால் ஒன்றுமே இல்லை. மேடம் முகம் வெளிறிவிட்டது. திருமேனி மட்டும் கலங்கவில்லை. புரோகிராமைப் படித்தாயா என்று டிரைவரிடமே கேட்டுக் காட்டினார். 'சரி' என்று வந்தது.

"உள்ளே இருக்குதுங்க. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல," என்றார்.

கஸ்டமர் டீ கிளாஸைத் தூக்கி அடியில் இருந்ததைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மாமனார் போன் செய்தார்.

"வேலை போயிருச்சாமே மாப்ளே?"

"சரிங்க மாமா."

"நம்ம கடைக்கு வந்துர்றீங்களா?"

"சரிங்க மாமா."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"சரிங்க மாமா."

மாமனார் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார். இந்தப் பக்கம் திருமேனி, கூட இருந்த இருவரையும் பெருமையோடு பார்த்தார்.

"பாத்தீங்களா, என்ன கேட்டாலும் ஒரே மாதிரி!"