ரிலேவுக்கு ஒரு நொடி

"கீழே இருக்கிற சர்வர் பதிலே சொல்ல மாட்டேங்குது மேடம்" என்றார் அருளப்பன்.

மலை ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அறை. ஐம்பது வயதில் இந்த வேலை கற்றுக்கொள்ள வந்த சீடர் அவர். குரு நூர்ஜமீலா அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

பக்கத்து அறையில் அருளப்பனின் மகள் சுகந்தி, நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறதோ என்று நர்ஸுக்குச் சந்தேகம். அடிவாரத்து டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், இந்தப் பனியில் அவளை வளைவு வளைவாக வண்டியில் இறக்க வேண்டும்.

புது ஸ்கேன் மெஷினுக்கோ நெட்வொர்க் முகவரி கிடைக்கவில்லை. முகவரி இல்லாமல் படம் நகராது. முகவரி தரும் சர்வர் அடிவாரத்தில். மெஷினின் கேள்வியைக் கீழே கொண்டுபோய்ப் பதிலை மேலே வாங்கிவருவது, இந்த அறையிலிருக்கும் ரிலே.

"ரிலேல என்ன மாத்தினீங்க சார்?"

"சீக்கிரம் ஆகட்டும்னு காத்திருக்கிற நேரத்தைக் குறைச்சேன். ஒரே நொடி. பதில் வரலேன்னா விட்டுட்டு மறுபடி கேட்கும். ஓயாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வண்டியை எடுக்கச் சொல்லவா சார்?"

நூர்ஜமீலா அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"சுகந்திக்கு எப்படி இருக்கு?"

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறப்பதற்குள் நூர்ஜமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி பார்த்தார். "சுகந்திக்கு எப்படி இருக்கு?"

"வலி..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே முதுகைக் காட்டிவிட்டார்.

"சுகந்திக்கு எப்படி..."

"என்ன மேடம் விளையாட்டு இது? கேட்டா, பதில் சொல்ற வரைக்கும் நிக்க வேண்டாமா?"

கத்திய வாய் அப்படியே நின்றது.

அருளப்பன் ஜன்னலைப் பார்த்தார். எதிர்மலை டவர் பனியில் பாதி மறைந்திருந்தது. அடிவாரத்துப் பதில் அதைத் தாண்டித்தான் மெதுவாக ஏறி வர வேண்டும்.

உட்கார்ந்தார். ரிலேயில் ஒன்று என்றிருந்ததை அழித்துப் பத்து என்று போட்டார்.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"படம் போகுது!" பக்கத்து அறையிலிருந்து நர்ஸின் குரல்.

கொஞ்ச நேரத்தில் அவளே ஓடிவந்தாள். "தலை கீழேதான் இருக்காம். டாக்டர் பார்த்துட்டாங்க. இங்கேயே பிரசவம் ஆகட்டும்னுட்டாங்க. வண்டியெல்லாம் வேண்டாம். போய் ஒரு டீ குடிங்க தாத்தா!"

நூர்ஜமீலா கேட்டார்.

"சுகந்திக்கு எப்படி இருக்கு சார்?"

அருளப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

நூர்ஜமீலா இன்னொரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.