எட்வின் தன் மனைவியைக் கல்லூரிக்குத் திருப்பிக் கொடுத்த கதை

வாகைக்குறிச்சி அரசு கலைக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் மொத்தமே நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் கை காட்டுவார்கள்.

தலைவர் பொற்செழியன், பஸ் ஸ்டாண்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். சுபேர் பிரியாணிக் கடைக்காரர். மாசாணம் சைக்கிள் கடை. எட்வின் போட்டோ ஸ்டூடியோ. நாலு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, படித்தது வரலாறு. எப்படிப் பாஸ் ஆனார்கள் என்பது வரலாற்றிலேயே இல்லை.

ஒரு நாள் கல்லூரி முதல்வர் இசக்கியம்மாள் தலைவருக்குப் போன் செய்தார்.

"சார், புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. பழைய மாணவர்கள் காலேஜோட எவ்வளவு ஒட்டுதலா இருக்காங்கன்னு பார்ப்பாங்க. அவங்க நல்லபடியா எழுதினாத்தான் நாம கேட்டிருக்கிற கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்கும். காலேஜ் உங்களுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கு. நீங்களும் ஏதாவது திருப்பிக் கொடுங்க."

அந்த அம்மா எதிர்பார்த்தது ரெண்டு மின்விசிறி. முடிந்தால் ஒரு தண்ணீர் டேங்க்.

அன்று சாயங்காலமே சுபேர் கடையில் அவசரக் கூட்டம் கூடியது.

"வாங்கினதை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்கணும். அதுதான் மரியாதை" என்று தொடங்கினார் பொற்செழியன். "காலேஜ் நமக்கு என்னென்ன கொடுத்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கல."

"கல்வி" என்றார் மாசாணம்.

நாலு பேரும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்காத குறைதான்.

"எங்கிட்ட இல்லையே" என்றார் சுபேர்.

"எங்கிட்டயும் இல்ல. பரீட்சை எழுதும்போது இருந்ததையெல்லாம் பேப்பர்ல எழுதி, அங்கேயே கொடுத்துட்டு வந்துட்டோம்லா?" என்றார் மாசாணம்.

"அப்ப அது முடிஞ்சுது. அடுத்து?" என்றார் தலைவர்.

"எனக்கு ஹாஸ்டல்ல மூணு வருசம் சாம்பார் கொடுத்தாங்க" என்றார் சுபேர். "அதைக் கொடுத்துடுதேன்."

"என்னைத் தாணுமூர்த்தி சார் ஒரு பீரியட் வெளியே நிக்க வச்சாரு" என்றார் மாசாணம். "தண்டனை கொடுத்தாருன்னுதானே சொல்லுவோம்? அப்ப அதையும் திருப்பிக் கொடுக்கணும்."

"எனக்குப் பேச்சுப் போட்டியில கைதட்டல் கொடுத்தாங்க" என்றார் பொற்செழியன். அவர் மேடையிலிருந்து சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த கைதட்டல் அது. அதை அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

எட்வினுக்கு மட்டும் முகம் வாடிப்போயிருந்தது.

"உனக்கு என்ன கொடுத்துச்சுல?" என்று தலைவர் கேட்டார்.

"எஸ்தரை" என்றார் எட்வின்.

எட்வினும் அவர் மனைவி எஸ்தரும் கல்லூரி நூலகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். அது ஊருக்கே தெரியும்.

"நல்ல நிலையிலதான இருக்கா?" என்று மாசாணம் மெதுவாகக் கேட்டார்.

"போன மாசம் கண்ணாடி போட்டா. மத்தபடி ஒண்ணும் இல்ல."

"அப்ப வாங்கிக்கிடுவாங்க" என்று தலைவர் எட்வினின் தோளைத் தட்டினார். "கல்லூரிக்காகச் செய்யுதோம். அழாத."

எட்வின் வீட்டுக்குப் போய், தேம்பித் தேம்பி விஷயத்தைச் சொன்னார். எஸ்தர் அப்போது ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் ஸ்டூடியோவுக்கு வந்த போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"லைப்ரரில இப்பவும் ஃபேன் ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"யாரும் பேசக் கூடாதுல்லா?"

"பேசக் கூடாது."

எஸ்தர் அடுப்பை அணைத்தாள். "எப்ப கொண்டு விடுதீங்க?"

இவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று எட்வின் இன்னும் கொஞ்சம் அழுதார்.

புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வந்து இறங்கியது. மூன்று பேர். மூன்று பேரும் சிரிப்பதில்லை என்று முடிவெடுத்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

வரலாற்று வகுப்பின் வாசலில் ஒரு பெரியவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற பேராசிரியர் தாணுமூர்த்திதான். காலையிலேயே மாசாணம் அவரைச் சைக்கிளில் ஏற்றி வந்து நிறுத்திவிட்டிருந்தார்.

"ஐயா ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"பழைய மாணவன் ஒருத்தன் நிக்கச் சொன்னான்" என்றார் பேராசிரியர் சந்தோஷமாக. "ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இவன்தான் முதல்முதலாக் கூப்பிட்டுருக்கான். பெல் அடிக்கிற வரைக்கும் நிப்பேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்து விழா. இசக்கியம்மாள் மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும்..." என்றதுமே பொற்செழியன் கைதட்டத் தொடங்கினார். நிறுத்தவில்லை. சங்கத் தலைவரே தட்டும்போது நாம் சும்மா இருந்தால் தப்பாகுமே என்று மாணவர்களும் தட்டினார்கள். முதல்வர் கடைசி வரைக்கும் வாயை அசைத்தார்; ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை. வரவுசெலவு பற்றிக் குழு கேட்க நினைத்த கேள்விகளும் அந்தச் சத்தத்திலேயே போயின.

மதியம் சுபேர் ஒரு அண்டாவை இறக்கினார். மூடியைத் திறந்தால் மஞ்சள் தண்ணீர். அடியில் ஒரு முருங்கைக்காய் தனியாகக் கிடந்தது.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார் சுபேர். "நம்ம கைக்கு இவ்வளவு மோசமா வைக்க வரல. ரெண்டு தடவை ருசியா வந்துடுச்சு, கொட்டிட்டேன். இது மூணாவது."

குழுவில் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவரும் ஏதோ ஒரு ஊரில் அரசு ஹாஸ்டலில் படித்தவராம். கண்ணில் தண்ணீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டார்.

கடைசியாக நூலகம். வாசலில் எட்வின், கூட எஸ்தர், கழுத்தில் ரோஜா மாலை.

"மேடம், உங்ககிட்ட வாங்கினது. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் மாலையைக் கழற்றி எட்வின் கையில் கொடுத்துவிட்டு, நேராக உள்ளே போய், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தடிமனான நாவல் ஒன்றைப் பிரித்தாள்.

'வாழ்க்கைத் துணையையே கல்லூரிக்கு அர்ப்பணிக்கும் முன்னாள் மாணவர்களை வேறெங்கும் கண்டதில்லை' என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கம்ப்யூட்டர் பிரிவு கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் இசக்கியம்மாள் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

எட்வினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காபி போட ஆளில்லை. ஜீனி எந்த டப்பாவில் என்றும் தெரியவில்லை. நூலகத்துக்கு ஓடினார். எஸ்தர் அதற்குள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டில் தூக்கம், பகலில் நூலகம் என்று ஏற்பாடு செய்திருந்தாள்.

"எஸ்தரைக் கூட்டிட்டுப் போகலாமா சார்?" என்று நூலகர் சவரிமுத்துவிடம் கேட்டார்.

சவரிமுத்துவும் அதே கல்லூரியில் படித்தவர்தான். எஸ்தர் உட்கார்ந்திருந்த மேசையை எட்டிப் பார்த்தார்.

"அது ரெஃபரன்ஸ் பிரிவு. அங்க இருக்கிற எதையும் வெளியே கொண்டுபோக முடியாது. இங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கலாம்."

எட்வின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மத்தியானம் வரை பார்த்தார். எஸ்தர் நிமிரவில்லை. கதை முக்கியமான கட்டத்தில் இருந்தது.

அதற்குள் நண்பர்கள் வந்து சேர்ந்தார்கள். வாசலில் நின்று ஆலோசித்தார்கள்.

"வெளியே தராத புஸ்தகத்துக்கு என்ன செய்வாங்க?"

"ஜெராக்ஸ் எடுப்பாங்க!"

சவரிமுத்து தாராளமாக அனுமதி கொடுத்தார். எட்வின் கேமராவைக் கொண்டுவந்து எஸ்தரை ஆளுயரத்துக்குப் படம் எடுத்தார். பக்கம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று பின்பக்கமும் எடுத்தார். பிரிண்ட் போட்டு, அட்டையின் ரெண்டு பக்கமும் ஒட்டி, பைக்கின் நடுவில் நிறுத்தி, பின்னால் சுபேர் பிடித்துக்கொள்ள வீட்டுக்குக் கிளம்பினார்.

நாலு ரோடும் சேருகிற நாலுமுக்கில் டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"யாருய்யா இது?"

"என் சம்சாரம் சார். ஜெராக்ஸ்."

போலீஸ்காரர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "ஜெராக்ஸ் செல்லாது. ஒரிஜினல் எங்க?"

"லைப்ரரில இருக்கு சார். வெளியே தரமாட்டாங்களாம்."

"அப்ப கெஜட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

முதல்வரே கெஜட்டட் ஆபீசர்தான் என்பதால் பைக் கல்லூரிக்குத் திரும்பியது. இசக்கியம்மாள் படத்தை நூலகத்துக்குத் தூக்கிவரச் சொல்லி, எஸ்தருக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலும் கீழும் ஒப்பிட்டார். 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று நெற்றியில் பச்சை மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். எஸ்தர் பக்கத்தைப் புரட்டினாள்.

மறுபடியும் நாலுமுக்கு. போலீஸ்காரர் பச்சைக் கையெழுத்தைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"இப்ப எல்லாம் சரியா இருக்கு" என்றார். பிறகு அபராதச் சீட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"ஆனா, அம்மாவுக்கு ஹெல்மெட் எங்க?"