சுருண்ட சிப்பியும் மேற்பார்வைக் குழுவும்

முதலில் ஒரு விடுகதை, குழந்தைகளே. ஓடு வேய்ந்த வீடு. ஆனால் வாசல் இல்லை. உள்ளே இருப்பவர் நடந்தால் வீடும் கூடவே நடக்கும். உள்ளே இருப்பவர் பயந்தால் வீடே பந்தாகிவிடும். அது என்ன?

ஆமை என்று யாரோ சொல்வது கேட்கிறது. ஆமை ஓட்டுக்குள் ஒளியும், பந்தாகாது. தெரியாவிட்டால் பரவாயில்லை. அந்த வீடு இந்தக் கதைக்குள்ளேயே நடந்து வரும்.

ஒரு காட்டில், மலைச்சரிவில், பெரிய நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மந்தி வாத்தியார்தான் அங்கே தலைமை ஆசிரியர். காலையில் முதலில் எல்லோரும் சேர்ந்து வணக்கம். காட்டைக் காப்பவருக்கு நன்றி சொல்லித் தலை குனிந்து நிற்க வேண்டும். அதன் பிறகு 'எங்கள் வீட்டு வணக்கம்' என்ற பாடம். தினம் ஒரு பிள்ளை எழுந்து, தன் வீட்டில் எதை, எப்படி வணங்குகிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வணக்கமும் இந்தப் பாடமும் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க அந்தக் காட்டார் ஒரு குழுவை வைத்திருந்தார்கள். காட்டெருது அதன் தலைவர். இருவாச்சிப் பறவையும் முள்ளம்பன்றியும் உறுப்பினர்கள். அவ்வப்போது வந்து, மேட்டில் ஏறி நின்று, வணக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சிப்பிக்கு அந்தப் பள்ளிக்கூடம் மிகவும் பிடிக்கும். சிப்பி ஓர் அழுங்குக் குட்டி. அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், நீண்ட மூக்கு, எறும்புதான் சாப்பாடு. பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும். ஆமாம், விடுகதைக்கு விடை அதுதான்.

முயல் வீட்டில் முதல் அருகம்புல்லைத் தின்னாமல் மண்ணிலே வைப்பார்களாம். மான் வீட்டில் ஓடையைத் தாண்டும் முன் ஒருமுறை நிற்பார்களாம். இதையெல்லாம் கேட்கக் கேட்கச் சிப்பிக்கு ஆசையாக இருக்கும். தன் வீட்டு வணக்கத்தைச் சொல்ல அதற்கு இன்னும் ஆசை. ஆனால் சிப்பியின் முறை வரும், போகும். சொல்ல முடிந்ததே இல்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டதுகூட, பாடம் முடிந்த பிறகு முயல்குட்டி திரும்பச் சொல்லித்தான்.

காரணம் இதுதான். முன்பெல்லாம் வணக்க நேரத்தில் பிள்ளைகள் நெளிவார்கள், ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் குழு வந்தபோது மரத்திலிருந்து நாவல் பழம் ஒன்று மந்தி வாத்தியாரின் மண்டையில் 'பொத்' என்று விழுந்தது. பள்ளிக்கூடமே சிரித்தது.

"வணக்க நேரத்துல சிரிப்பா?" என்று காட்டெருது சீறியது. "வாத்தியாரே, அடுத்த தடவையும் இப்படின்னா உங்களை மாத்திட்டு வேற ஆளைப் போடுவோம்."

வாத்தியார் பயந்துவிட்டார். மறுநாள் காலை, மரத்துக்குப் பக்கத்தில் இருந்த பாறையைக் காட்டிச் சொன்னார்:

"பிள்ளைங்களா, அந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு சிறுத்தை உக்காந்திருக்கு. வணக்கத்துல தலையத் தூக்குற பிள்ளையை அது தூக்கிட்டுப் போயிடும். எங்க, எல்லாரும் தலை குனிங்க பார்க்கலாம்!"

எல்லாத் தலைகளும் குனிந்தன. ஓர் இலை விழுந்தாலும் கேட்டது. வாத்தியாருக்கு நிம்மதி. அன்றிலிருந்து தினமும் சிறுத்தையைச் சொல்லித்தான் வணக்கம் தொடங்கியது.

மற்றப் பிள்ளைகள் பயந்து தலையைக் குனிந்தார்கள். வணக்கம் முடிந்ததும் பயத்தை மறந்து பாடத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அழுங்குக்கு அப்படி முடியாது. 'சிறுத்தை' என்ற சொல் காதில் விழுந்ததுமே சிப்பி சுருண்டுவிடும். சுருண்டால் உள்ளே இருட்டு. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்கும். சிறுத்தை போய்விட்டதா, இல்லையா? எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்த்தால் பிடித்துவிட்டால்? ஆகவே வெயில் உச்சிக்கு வரும்வரை சிப்பி விரியவே விரியாது. அதற்குள் பாடம் முடிந்திருக்கும்.

இப்படி இருக்கும்போது குழு மறுபடி வந்தது. இந்த முறை அதில் ஒரு புதிய உறுப்பினர், நீர்நாய். அதற்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வாயை மூடவும் தெரியாது.

குழு மேட்டில் ஏறும் முன்பே வாத்தியார் சிறுத்தையைச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். நடுவே சிப்பி, ஒரு பந்து.

"அடேயப்பா!" என்றது இருவாச்சி. "எல்லாரும் தலையைத்தான் குனியிறாங்க. இந்தப் பிள்ளை உடம்பு முழுக்கக் குனிஞ்சிருக்கே!"

"பக்தின்னா இதுதான்," என்றது முள்ளம்பன்றி.

"எனக்கு உடம்பே சிலிர்க்குது," என்றது காட்டெருது. "வாத்தியாரே, நாளையிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வணங்கணும். இந்தக் குட்டி அந்தப் பாறை மேல முன்னால இருக்கட்டும். அதைப் பார்த்து மத்தவங்க செய்யட்டும். நாளைக்கு நாங்க வந்து பார்க்கிறோம்."

சுருளுக்குள் இருந்த சிப்பிக்கு இது எல்லாம் அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் 'பாறை மேல' என்பது நன்றாகவே கேட்டது. எந்தப் பாறைக்குப் பின்னால் சிறுத்தை இருக்கிறதோ, அந்தப் பாறை!

அன்று மாலை வீட்டில் சிப்பி எறும்பைத் தொடவில்லை.

"என்னடா கண்ணு? புற்றைக் கிளறி வெச்சிருக்கேன், அப்படியே இருக்கு," என்றது அம்மா.

"நாளையிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகலம்மா."

"போகலன்னா போக வேண்டாம். உனக்குப் போகணும்னு இல்லையா?"

சிப்பி அழுதது. "போகணும். என் முறை வரப்போகுது. நம்ம வீட்டு வணக்கத்தைச் சொல்லணும்."

"அப்படின்னா போ. சொல்லிட்டு வா. அப்புறம் வேண்டாம்னா நின்னுக்கலாம்," என்றது அம்மா. சிறுத்தையைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. சிப்பியும் சொல்லவில்லை; பெயரைச் சொன்னாலே சுருண்டுவிடுவோமோ என்று அதற்குப் பயம்.

பொழுது சாய்ந்தது. அம்மா குளிர்ந்த மண்ணில் மல்லாந்து படுத்தது. செதில் இல்லாத மெத்தென்ற வயிறு வானத்தைப் பார்த்திருந்தது. சிப்பியும் பக்கத்தில் அப்படியே படுத்தது. அழுங்கு வீட்டு வணக்கம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை குழு மேட்டில் வந்து நின்றது. சிப்பியைப் பாறை மேல் ஏற்றியிருந்தார்கள். மந்தி வாத்தியார் சிப்பியின் பக்கமாக ஓடி வந்து, பிள்ளைகளைப் பார்த்து, குழுவுக்குக் கேட்காத குரலில் வழக்கமானதைச் சொன்னார். சிப்பி சட்டென்று சுருண்டது.

"ம், எல்லாரும் சுருளுங்க!" என்றார் வாத்தியார் உரக்க.

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மான்குட்டி சுருளப் போய்த் தன் கால்களிலேயே சிக்கிக்கொண்டது. கொக்குக் குஞ்சு கழுத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு, அவிழ்க்கத் தெரியாமல் தவித்தது. முயல்குட்டி சரியாகத்தான் சுருண்டது; ஆனால் சரிவில் உருண்ட வேகத்தில் மேட்டின் மேலேயே ஏறிப் போய்க் காட்டெருதின் குளம்பில் இடித்து நின்றது.

நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"உஷ்! வணக்க நேரம்," என்றது இருவாச்சி.

"சரி, சரி. வணக்கம் எப்ப முடியும்?"

"முடிஞ்சாச்சு," என்றார் வாத்தியார்.

"முடிஞ்சா பிள்ளைங்க போகலாமே. ஓடைக்குப் போங்க பிள்ளைங்களா, குதிச்சுட்டு வாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் மரத்தடி காலி. பாறை மேல் சிப்பி மட்டும் சுருண்டு கிடந்தது.

காட்டெருதின் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, பாருங்க. எல்லாரும் ஆட்டம் போட ஓடிட்டாங்க. இது மட்டும் வணக்கத்தை விடல."

"அப்படியா?" என்றது நீர்நாய். "அதுகிட்டக் கேட்டீங்களா?"

"எதை?"

"என்ன பண்ணிட்டு இருக்கேன்னு."

"பார்த்தாலே தெரியுதே! இதுல கேக்க என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியலையே. நான் புதுசு." நீர்நாய் பாறை மேல் தாவி ஏறியது. "கண்ணு, என்ன பண்றே?"

பந்து இன்னும் இறுகியது.

"சுருண்ட அழுங்கு பேசாது, அம்மணி," என்றது முள்ளம்பன்றி. "எனக்குத் தெரிஞ்ச விஷயம் அது."

"அப்ப விரியிற வரைக்கும் இருப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"விரியிற நேரம்."

இதைச் சொன்னது யார்? ஓரிடத்தில் உட்காரத் தெரியாத நீர்நாய். முதலில் வாலைக் கடித்தது. பிறகு கூழாங்கல் ஒன்றை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி உருட்டியது. ஓடையில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதன் முதுகு துடித்தது. ஆனாலும் பாறையை விட்டு இறங்கவில்லை. முள்ளம்பன்றி தூங்கிப்போனது. வாத்தியார் மட்டும், "நேரமாகுதே, நீங்க கிளம்பலாமே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உள்ளே சிப்பிக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். மூச்சு கேட்கிறது. ஆனால் பிடிக்கவில்லை, உருட்டவில்லை, தட்டவில்லை. வெயில் முதுகில் சுட்டது. மூக்கை மட்டும் கொஞ்சம் நீட்டியது. மீன் வாசனை. சிறுத்தை வாசனை இல்லை. ஒரு கண்ணைத் திறந்தது.

"சிறுத்தை போயிடுச்சா?" என்று கேட்டது.

மேட்டில் முள்ளம்பன்றி விழித்துக்கொண்டது.

"எந்தச் சிறுத்தை?" என்றது காட்டெருது.

"இந்தப் பாறைக்குப் பின்னாடி இருக்குமே. தலையைத் தூக்கினா தூக்கிட்டுப் போகுமே. அதுதான்."

இருவாச்சி படபடவென்று பறந்து மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. முள்ளம்பன்றி எல்லா முள்ளையும் சிலிர்த்தது. அவ்வளவு பெரிய காட்டெருது, மெதுவாக, ஓசைப்படாமல், பின்னால் நகர்ந்தது. அதன் தலை தானாகவே குனிந்திருந்தது.

"தலைவரே, வணக்கம் நல்லாத்தான் பண்றீங்க," என்றது நீர்நாய். பாறைக்குப் பின்னால் குதித்தது. "இங்க ஒரு தவளை இருக்கு. அதுவும் என்னைப் பார்த்துப் பயந்து ஓடுது."

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் தன் வாலைப் பார்த்தார்.

"நான் என்னங்க பண்றது?" என்றார் கடைசியில். "சிரிச்சா மாத்திடுவோம்னு சொன்னீங்க. தலை குனிஞ்சாப் போதும்னு இருந்தீங்க. குனிய வெச்சேன்."

காட்டெருது எதையோ சொல்ல வாயைத் திறந்தது. பின்னால் நகர்ந்த தன் கால்தடங்கள் மண்ணில் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டது.

நீர்நாய் சிப்பியின் பக்கத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது. "உங்க வீட்ல இப்படித்தான் வணங்குவீங்களா? சுருண்டு?"

சிப்பிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "யாராவது சுருண்டு வணங்குவாங்களா? பயந்தாத்தான் சுருளுவோம். வணங்குறப்ப விரிவோம். மல்லாந்து படுத்து, வயித்தைக் காட்டி."

"அட! எங்க, காட்டு பார்ப்போம்," என்றது காட்டெருது ஆவலோடு.

சிப்பி அதை ஏற இறங்கப் பார்த்தது. "இப்ப முடியாது. உங்களை எனக்குத் தெரியாதே."

அன்று அங்கேயே குழு கூடிப் பேசியது. இனி வணக்கத்தில் சிறுத்தை வரக் கூடாது. வாத்தியாரை மாற்றப் போவதும் இல்லை. காலையில் மரத்தடிக்கு வர விருப்பமுள்ள பிள்ளை வரலாம். விருப்பமில்லாத பிள்ளை ஓடைக்கரையில் இருந்துவிட்டுப் பாடத்துக்கு வரலாம். குழு இனி மேட்டில் நிற்காது. பிள்ளைகளோடு கீழே உட்காரும். கடைசி விதி காட்டெருதே சொன்னது. சொல்லிவிட்டுக் கொஞ்சம் இருமியது.

மறுநாள் மரத்தடியில் நாலைந்து பிள்ளைகள்தான் இருந்தார்கள். சிப்பி அவர்களைப் பார்த்தது, ஓடையைப் பார்த்தது, ஓடைக்கரைக்குப் போய்விட்டது.

"ஏன் போகுது?" என்று காட்டெருது எழுந்தது. "சிறுத்தைதான் இல்லையே! போய்க் கேட்டுட்டு வரேன்."

நீர்நாய் அதன் குளம்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. "வரியான்னு கேட்டாச்சு, தலைவரே. இனிக் காத்திருக்கிறதுதான் பாக்கி."

வாத்தியார் மெல்லிய குரலில் நன்றி சொல்லத் தொடங்கினார். பாதியில் ஒரு நாவல் பழம் அவர் மண்டையில் 'பொத்' என்று விழுந்தது. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு காட்டெருதைப் பார்த்தார்கள். காட்டெருதுதான் முதலில் சிரித்தது.

ஓடைக்கரைக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அன்று பாட வேளையில் சிப்பி சுருளாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதன் முறை வந்தது. எழுந்து, தன் வீட்டு வணக்கத்தைச் சொன்னது. முயல்குட்டி மூன்று கேள்வி கேட்டது. மூன்றுக்கும் சிப்பி பதில் சொன்னது.

அடுத்த நாளும் சிப்பி ஓடைக்கரைக்குத்தான் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை மணி அடித்தது. சிப்பி மரத்தடிக்கு வந்து, முயல்குட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தது.

நீதி: ஒரு பிள்ளை பக்தியால் அடங்கியிருக்கிறதா, பயத்தால் அடங்கியிருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது, கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால்தான் தெரியும்.