கரையான் வீட்டார் சொன்ன பதில்

அநியாயம் செம்பாயிக்குத்தான் நடந்தது. வீட்டுக்குள் ஒரு மரத்தரை கேட்டாள். வீட்டில் இருந்த மரமெல்லாம் போயிற்று. "அவ ஏன் கேட்டா?" என்று கூதல்மேட்டில் இன்னமும் பேசுகிறார்கள். ஏன் கேட்கக் கூடாது? மலை ஊர். சிமெண்டுத் தரை ஐஸ்கட்டி மாதிரி. எட்டு மாதக் குழந்தையைக் கீழே விட்டால் தும்முகிறது, தூக்கினால் திமிறுகிறது. மார்கழிக்குள் பிள்ளை தவழ ஒரு தரை. அவ்வளவுதானே கேட்டாள்?

புருஷன் சடையப்பனும் அவன் தம்பிகள் மாதப்பனும் ரங்கப்பனும் மரக்கடைக்குப் போனார்கள். உதுமான் பாய் தேக்கு, வேங்கை, பலா, மா என்று நாலிலும் ஒரு சாண் துண்டு கொடுத்தார். "வீட்ல நடந்து பாருங்க. கரையான் வேண்டாம்னு சொல்ற மரம் எதுவோ, அதுதான் தரைக்கு நல்ல மரம்" என்றார். அந்த மனுஷர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நடந்து பார்த்தார்கள். ஒரு சாண் பலகையில் எப்படி நடப்பது? காலில் கட்டிக்கொண்டார்கள். தம்பிகளுக்கு ஒவ்வொன்று, மூத்தவனுக்கு இரண்டு.

"தேக்கு எப்படிண்ணே?"

"போற இடத்துக்கெல்லாம் கூடவே வருது. நல்ல குணம்."

"அப்போ தரையே வேணாமே. ஆளுக்கு ரெண்டு துண்டு போதும்."

"பிள்ளைக்கு நாலு" என்றான் ரங்கப்பன். "அது தவழுதில்ல?"

செம்பாயி அகப்பையை எடுத்தாள். கட்டுகள் அவிழ்ந்தன.

அடுத்தது கரையான். "புத்துக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்றான் மாதப்பன்.

"மரியாதையா அது?" என்றான் சடையப்பன். "பொண்ணு பாக்கறவங்க நம்ம வீட்டுக்குத்தான்டா வரணும்."

வேலியோரத்துப் புற்றைப் பெயர்த்துக் கூடையில் சுமந்து வந்து நடுவீட்டில் இறக்கினார்கள். ஜமுக்காளம் விரித்தார்கள். வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். நாலு துண்டுக்கும் பூச்சுற்றி வரிசையாக நிறுத்தினார்கள். வந்தவர்கள் பாடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மாதப்பனுக்கு ஒரே கவலை. பலா பாடாது, பார்த்தாலே தெரிகிறது.

கரையான்கள் முதலில் ஜமுக்காளத்தைத் தின்றன.

"கூச்சமில்லாம சாப்பிடறாங்க, அண்ணி" என்றான் ரங்கப்பன். "நல்ல குடும்பம்."

பிறகு மா போயிற்று. பலா, வேங்கை போயின. தேக்குத் துண்டு வெறும் இளமரம் போலிருக்கிறது; அதுவும் போயிற்று.

"வெளியே தூக்கிக் கொட்டுங்க!" என்று கத்தினாள் செம்பாயி.

"பதில் சொல்லாம எப்படி அண்ணி அனுப்பறது?"

"நாலையும் தின்னாச்சே, அது பதில் இல்லையா?"

"அது சம்மதம். நமக்கு வேண்டாம்னு சொல்றதுதானே வேணும்? இன்னும் பாக்கட்டும்."

பார்த்தன. ஜன்னலைப் பார்த்தன, ஏணியைப் பார்த்தன, நிலையோடு கதவைப் பார்த்தன. கதவு போனதும் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று மூவரும் சரிபார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தொட்டில் சட்டமும் போயிற்று. இப்போது பிள்ளையைப் போட ஓர் இடமில்லை. இடுப்பு ஒடிந்தது யாருக்கு? செம்பாயிக்கு.

மார்கழி முதல் நாள். கதவு இருந்த இடத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் துணிமூட்டையுமாக நின்றாள்.

"எம் பிள்ளைக்குத் தரை எங்கே? இன்னிக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும். இல்லேன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

மூவரும் ஆடிப்போனார்கள். குனிந்து மூலை மூலையாகத் தேடினார்கள். மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். கீழே பார்த்த சடையப்பனின் முகம் மலர்ந்தது.

"பதில் வந்தாச்சு, செம்பாயி! இந்த வீட்ல அவங்க வாய் வைக்காத மரம் ஒண்ணே ஒண்ணுதான்." சிமெண்டுத் தரையைக் காலால் தட்டிக் காட்டினான். "டேய் ரங்கப்பா, ஓடு. இந்த மரத்துலயே ரெண்டு வண்டிப் பலகை அறுத்துத் தரச் சொல்லு பாய்கிட்ட. நல்லா காஞ்சதா இருக்கட்டும். இது பச்சை மரம், அதான் இத்தனை நாளா சில்லுன்னு இருந்திருக்கு!"