எழுதாத மாத்திரை

விதி போடுவதென்றால் கோவை பம்ப் கம்பெனி மேலாளர் சடகோபனுக்குச் சர்க்கரைப் பொங்கல். "ஒப்பந்தத்தில் எழுதாதது எதுவும் இனிமேல் செல்லாது!" என்று அறிவித்துவிட்டார்.

பெருக்கித் துடைக்கும் மயிலாத்தாளுக்குத் திக்கென்றது. காது கேட்காத மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர தினமும் நாலு மணிக்கே கிளம்புவாள். அதற்கு அவர் வாயால் சொன்ன அனுமதிதான் உண்டு.

மறுநாள் மதியம், வழக்கம்போல அவருடைய பிரஷர் மாத்திரையும் தண்ணீருமாக வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் நிக்கறே? குடு."

"குடுக்கலாமுங்களா சார்? ஒப்பந்தத்துல பெருக்கறது மட்டுந்தானுங்க இருக்குது."

சடகோபன் அலமாரியைத் திறந்தார். அவள் ஒப்பந்தத்தை எடுத்து, 'நாலு மணிக்குக் கிளம்பலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"மாத்திரையையும் சேர்த்து எழுதிடட்டுமா?"

"அது வேண்டாமுங்க சார். எழுதிப்போட்டா வேலையாயிருமுங்க" என்று மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.